அவித்த நெல்லுக்கு விதை கேட்டு வந்தார்

1964, தை 20.

அரிமளம் வட்டாரத்தில் குலைநோய்க்குத் தப்பியது சின்னையா வயல் மட்டும்தான். ஆராய்ச்சிப் பண்ணை சோதனைக்குக் கொடுத்த நெல் அது. விதைக்கு ஒதுக்காமல் முழுவதையும் எனக்கு விற்றுவிட்டார். நானும் விசாரிக்காமல் மற்ற நெல்லோடு கொட்டி அவித்துவிட்டேன். இனி முளைக்காது.

இன்று பண்ணை அதிகாரி என் அரிசிக் கடைக்கே வந்துவிட்டார். "ராவுத்தரே, பண்ணையில விதை மிச்சமில்ல. அந்த நெல்லுல விதைக்கு ஒரு மூட்டையாச்சும் இருக்குங்களா?"

"இருக்குங்க, நாளைக்கு வாங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

வேறு மூட்டையைக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது. அடுத்த மார்கழிப் பனியில் குலைநோய் வந்து ஊர் வயலெல்லாம் கருகி என்னைக் காட்டிக்கொடுக்கும்.

சின்னையாவின் காலிச் சாக்குகளைத் தேடி உதறினேன். தையலோரத்தில் சிக்கியிருந்த அவியாத நெல் ஓர் உழக்கு தேறியது. அதைத்தான் நீட்டி உண்மையைச் சொல்ல வேண்டும். கடையில் எலி வேறு. உழக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.