இரண்டு பட்டியலிலும் இல்லாத முப்பத்தொரு வீடுகள்

அன்புள்ள வாயாடிக்கு,

தனித்தனியாகக் கொடுத்தபோது கிடைத்த உணவுப் பை, இரண்டு அமைப்புகள் கைகோத்த பிறகு ஏன் கிடைக்காமல் போகிறது? எனக்குப் பதில் தெரியவில்லை. உலகப் பசியை ஒழிக்கும் அலுவலகத்தில் கூட்டுப்பணிப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் நீதானே, உன்னையே கேட்கிறேன். முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதைப் பற்றிய பேச்சு குறையவில்லை. நீயும் சுகம் என்கிறாய். போன வாரம் வீடியோவில் கன்னம் ஒட்டித் தெரிந்ததற்குக் கேமராவைக் குறை சொன்னாய், நானும் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள்.

நூலக வேலை இல்லாத சனிக்கிழமைகளில் நான் போகிற உணவுப் பைக் குழு உனக்குத் தெரியும், பழைய தட்டச்சுப் பள்ளி அறை, ஒரு தராசு, ஆறு பெண்கள். தெருவின் எதிர்ப் பக்கத்தில் ஆறு மாதமாக ஒரு பெரிய தொண்டு நிறுவனமும் பை கொடுக்கிறது. அவர்களுக்கு வேன் உண்டு, பெயர் அச்சடித்த பனியன் உண்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே தூங்குவாரோ என்று நாங்கள் சந்தேகப்படும் ஒருங்கிணைப்பாளரும் உண்டு. எங்களுக்கு அவர் அட்டைத் தம்பி. சேர்ந்து செய்யலாம் என்றார். நான் பெருமையாக, நீ எழுதிய கூட்டுப்பணிக் கையேட்டை நீட்டினேன். ஒரே வீட்டுக்கு இரண்டு பை போகக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாயே, அதைப் பிடித்துக்கொண்டோம். பட்டியல்களை மாற்றிக்கொண்டோம். அவர்களிடமும் இருக்கும் பெயர்களை எங்கள் பட்டியலில் சிவப்புப் பேனாவால் அடித்தேன், ஸ்கேல் வைத்து, அழகாக. அதே வாரம் அவர், எங்களிடமும் இருக்கும் பெயர்களைத் தன் கணினியிலிருந்து நீக்கியிருக்கிறார். நான் அவரிடம் சொல்லவில்லை, அவர் என்னிடம் சொல்லவில்லை. இரண்டிலும் இருந்த முப்பத்தொரு வீடு எதிலும் இல்லாமல் போயிற்று. சிரிக்காதே, இருபத்திரண்டு வருடமாக நூலகத்தில் பட்டியல் போட்டுப் பிழைக்கிறவள் உன் அம்மா.

இன்று வரிசையில் ஒரு தையல்காரப் பெண் நின்றாள், வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது, இரண்டு பிள்ளைகள். நான் அவளை எதிரே அனுப்பினேன், அட்டைத் தம்பி இங்கே அனுப்பினார். மூன்றாவது முறை வந்தவள், "தனித்தனியா இருந்தப்ப ரெண்டு பேரும் குடுத்தீங்க, சேந்ததும் எனக்கு இல்லைங்கறீங்க, இது என்ன கூத்து, அக்கா?" என்றாள். நம் வீட்டுக்கு வாங்கியிருந்த மாவை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "இது மூணு நாளைக்கு ஓடும். அப்புறம்? எம்பேரு எங்க?" என்றாள். அப்போதுதான் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அட்டைத் தம்பி, "ஒரு தடவை நீக்கிட்டா திரும்பச் சேர்க்க மேலிடத்து அனுமதி வேணும் மேடம், பத்து நாள் ஆகும்" என்றார். பத்து நாளைக்கு அந்த முப்பத்தொரு வீடும் உன் கையேட்டைச் சாப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் தன் அட்டையைப் பார்த்துக்கொண்டார். நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்த்துக்கொள்: பெயரை அடிக்கும் முன் எதிர் வீட்டுக்காரரிடம் கேட்கவும். தெருவின் அகலம் பதினாறு காலடிதான், அப்பா முழங்கால் வலியோடு போய் அளந்துவிட்டு வந்தார்.

நோய் நொடி இல்லாமல், வாய் குறையாமல், நன்றாக இரு. பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே, பல் வலிக்கு மாத்திரை வைத்தியம் ஆகாது.

இப்படிக்கு,
கையேட்டை நம்பிய உன் அம்மா

மறுநாள் மாலை, உறையை ஒட்டும் முன்:

அனுமதி வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை மேலிடம் போனை எடுக்கவில்லை. அட்டைத் தம்பி எட்டு மணிக்கு வேனோடு வந்துவிட்டார். எங்களிடம் மிஞ்சிய மாவையும் அவர்களிடம் மிஞ்சிய பருப்பையும் சேர்த்து முப்பத்தொரு பை கட்டினோம். இருபத்தொன்பது வீட்டில் கொடுத்தோம், இரண்டு வீடு பூட்டியிருந்தது. தையல்காரப் பெண் பையை உள்ளே வைத்துவிட்டு வந்து இரண்டு பட்டியலையும் காட்டச் சொன்னாள். "ரெண்டுலயும் எழுதுங்க. ஒருத்தர் அடிச்சாலும் இன்னொருத்தர்கிட்ட இருக்கும்ல?" என்றாள். உன் கையேட்டின்படி அது தவறு. என்னுடையதில் நான் எழுதினேன். அட்டைத் தம்பி என்னிடம் பேனாவை வாங்கி, கணினியிலிருந்து அச்செடுத்து வந்திருந்த அவருடையதில் எழுதினார்.