வூட்டுக்கு வெச்ச கழனி

ஜூலை 8, திங்கள்

பதினோரு கட்டுரைகள் வந்து சேர்ந்தன. பிளஸ் ஒன் பிள்ளைகள் 'உணவும் வேளாண்மையும்' என்ற தலைப்பில் மாவட்டப் போட்டிக்கு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தாவரவியல் டீச்சர் என்பதால் வழிகாட்டி நான். வழிகாட்டியாம்! பத்துப் பேர் செல்போனில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள். கார்த்திக் கட்டுரையில் "நமது நாடான பிரேசிலில்" என்று ஒரு வரி. கூப்பிட்டு, "ஏன்டா, உத்திரமேரூர் எப்போடா பிரேசில்ல சேந்துச்சு?" என்றேன். வகுப்பே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். வெட்கங்கெட்ட கழுதை.

பதினோராவது திலகாவுடையது. ஒன்றரைப் பக்கம்தான், ஆனால் சொந்தமாக எழுதியது. சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண். அம்மா அம்முலு நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவள். திலகா எழுதியிருப்பது இதுதான்: அவள் ஊரில் நிலம் உள்ளவர்கள், விற்கப் போகிற நெல்லுக்கு நாலு தடவை பூச்சி மருந்து அடிக்கிறார்கள். தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிய துண்டில் மட்டும் அடிப்பதே இல்லை.

"யாரு சொன்னா உனக்கு?"

"எங்கம்மா பேசிக்கினு இருந்துச்சு மிஸ். 'வூட்டுக்கு வெச்ச கழனில களை எடுத்தா மட்டும் கை எரியறதில்ல'ன்னு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையாவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்ததுண்டா?

ஜூலை 20, சனி

திலகாவோடு உட்கார்ந்து முறையை வகுத்தேன். எத்தனை குடும்பம், எந்தக் கழனி, போன போகத்தில் எத்தனை தடவை மருந்து.

"கழனிக்காரங்களையே போய் கேக்கட்டுமா மிஸ்?"

"அதெல்லாம் வேணாம். கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. அம்மாவைக் கேளு, அம்மாகூட வேலைக்குப் போறவங்களைக் கேளு. வேலை செய்யறவங்களுக்குத் தெரியாதா?"

நெல் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் திருப்புலிவனத்து அண்ணன் கழனியைப் பற்றிப் பேசுவேன். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் கழனியையும் சேத்துக்கலாமா மிஸ்?" என்றாள்.

"அது தூரம்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மோகன் அண்ணன் வந்து அரிசி மூட்டை இறக்கிவிட்டுப் போனான். பொங்கல் வரைக்கும் கவலையில்லை.

செப்டம்பர் 14, சனி

கட்டுரை நன்றாகத் திரண்டுவிட்டது. யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று விவசாயிகள் பெயரையெல்லாம் எடுக்கச் சொல்லி, அ, ஆ, இ என்று போட வைத்தேன். எனக்கே என் புத்தியை மெச்சத் தோன்றியது.

வரைபடம்தான் அழகு. ஏரி, அதன் மூன்று மடைகள், ஒவ்வொரு மடையிலிருந்தும் பிரியும் கால்வாய், அதன் கீழ்க் கழனிகள். மருந்து அடிப்பது சிவப்பு, வீட்டுக்கு வைத்தது பச்சை.

"மடை பேரு போட்டே ஆவணுமா மிஸ்?"

"போடாம? எந்த இடம்னு தெரியலன்னா அது ஆய்வா, கதையா?"

பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். பிறகு எழுதினாள்: பனமரத்து மடை, நடு மடை, கோயில் மடை.

கடைசிப் பக்கத்தில் 'நன்றி' என்று தலைப்புப் போட்டு முதல் வரியில் "என் அம்மா அம்முலு" என்று எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது எனக்கு.

அக்டோபர் 18, வெள்ளி

மாவட்டத்தில் முதல் பரிசு! அடுத்து சென்னையில் மாநிலப் போட்டி. தலைமையாசிரியை கல்பனா மேடம் இன்று பெற்றோர் கூட்டத்தில் கட்டுரையை நன்றிப் பக்கம் வரைக்கும் வாசிக்க வைத்தார். வரைபடத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருந்தோம். திலகா ஊரிலிருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். சேட்டு என்பவர், நிறைய நிலம் உள்ளவர், பேத்தி இங்கே ஆறாம் வகுப்பு, வரைபடத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பாருங்கள், விவசாயிக்குக்கூட எவ்வளவு ஆர்வம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

திலகா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. லேபில் நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"அம்மாவ களையெடுக்கக் கூப்பிடறதில்ல மிஸ். அன்னிக்கி மீட்டிங்கு முடிஞ்சதிலிருந்து. கூட வேல செய்றவங்கள்லாம் எங்க வூட்டத் தாண்டித்தான் கழனிக்குப் போறாங்க, அம்மாவ மட்டும் யாரும் கூப்பிடல."

"யாரு பேரும் நாம போடலையே?"

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் போகமாட்டேன் என்கிறது.

"பனமரத்து மடைக்குக் கீழ மொதோ பச்ச துண்டு யாருதுன்னு எங்க ஊர்ல சின்னப் புள்ளைங்கூட சொல்லும் மிஸ்."

அட கடவுளே.

நான் ஏரிப்பாசன ஊரில் பிறந்தவள். எந்த மடைக்குக் கீழே யாருக்குக் கழனி, யாருக்கு முன் தண்ணீர், யாருக்குப் பின் தண்ணீர் என்பதை எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டவள். மடை பேரைப் போட்டால் ஆளின் பேரைப் போட்ட மாதிரிதான். இது எனக்குத் தெரியாதா? அந்தப் பெண் கேட்டாளே, போடணுமா என்று! ஆய்வா கதையா என்று வாய் கிழியப் பேசினேனே. மடச்சி.

நவம்பர் 6, புதன்

கல்பனா மேடம், "பேசாம கட்டுரையை வாபஸ் வாங்கிடலாமே சசிரேகா" என்றார். "உண்மையை எழுதினா தப்பா மேடம்?" என்று கத்திவிட்டு வந்தேன். கத்துவது சுலபம். களையெடுக்கப் போவது நான் இல்லையே.

நவம்பர் 10, ஞாயிறு

சேட்டு வீட்டுக்குப் போனேன். பனமரத்து மடைக்குக் கீழ் அந்த முதல் பச்சைத் துண்டு அவருடையதுதான். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். மனிதர் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"வூட்டுக்கு வெச்சதுல மருந்து அடிக்காதது கொலக்குத்தமா டீச்சர்? விக்கிறதுக்கு அடிக்கலன்னா பூச்சி துன்னுட்டுப் பூடும், எவன் வாங்குவான்? என்னாண்ட வந்து கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. மறைக்கிறதுக்கு இன்னா கீது இதுல? எங்கிட்ட வேல செய்ற பொம்பளைய வெச்சு உளவு பாத்தீங்க பாருங்க, அதான் பேஜாரா கீது."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நீங்க திருப்புலிவனம் மோகன் தங்கச்சிதானே? அவரு மட்டும் வூட்டுக்கு வெச்சதுல அடிக்கிறாரா? நீங்க இன்னா அரிசி துன்றீங்க?"

அம்முலுவை மறுபடி கூப்பிடுங்கள் என்று கேட்டேன், கிட்டத்தட்டக் கெஞ்சினேன். "பாக்கறேன்" என்றார்.

வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. திலகா கண்டுபிடித்துச் சொன்னதாக நான் புல்லரித்துப்போன விஷயம், வருஷத்துக்கு இரண்டு முறை என் வீட்டு வாசலில் மூட்டையாக வந்து இறங்குகிறது. தூரமாம். பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிஷத்தில் போகிற திருப்புலிவனம் தூரமாம்! என் அண்ணன் கழனியை அந்த வரைபடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஊர்க்காரன் கழனி என்றால் வந்தது.

நவம்பர் 13, புதன்

அம்முலுவைப் பார்க்கப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. சேட்டு நேற்று ஆள் அனுப்பினாராம்.

"நான் போவல டீச்சர். போனா எல்லாரும் வாய மூடிக்கினு வேல செய்வாங்க, நான் கீறேன்னு. அது எனக்கு வாணாம். கம்பெனி வேன் வருது, கேண்டீன்ல காய் நறுக்கற வேல. அதுக்குப் போறேன்."

"தப்பு என்மேலதான் அம்முலு. திலகாவைக் கோச்சுக்காதீங்க."

"புள்ள மேல இன்னா கோவம்? கழனில பேசறத வூட்ல பேசினேன். அது பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஏறும்னு நான் கண்டனா?"

சோப்பு நுரையை வழித்துப் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன், பிறகு வந்துவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். "நல்ல வேள சசி, என் கழனிய வுட்டுட்ட." அவனை அடிக்கலாம் போல இருந்தது.

டிசம்பர் 7, சனி

மாநிலப் போட்டிக்குப் போகக் காலையில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காத்திருந்தேன். சென்னைக்கு ஒரு பஸ் போனது, அடுத்ததும் போனது. திலகா வரவில்லை. வரைபடம் சுருட்டி என் கையிலேயே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் போட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அண்ணன் பொங்கலுக்கு மூட்டை கொண்டுவந்தான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. மதியம் வடித்தேன். சோறு எப்போதும் போல நன்றாக இருந்தது, அதுதான் எரிச்சல்.

ஜூலை 18, வெள்ளி

இந்த வருஷப் போட்டிக்குக் கட்டுரைகள். திலகா பிளஸ் டூ, எழுதமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். வரிசையில் கடைசியாக வந்து மேஜைமேல் வைத்தாள். 'வெந்தயம் முளைப்பதில் உப்பு நீரின் விளைவு.' பிளாஸ்டிக் கப், பஞ்சு, அளவுகோல், அட்டவணை, எல்லாம் பள்ளி லேபில் செய்தது. ஒரு பிழை இல்லை. யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லாத ஆய்வு.

கடைசிப் பக்கம் புரட்டினேன். நன்றி: வழிகாட்டி ஆசிரியை, லேப் உதவியாளர். அவ்வளவுதான்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா கீது மிஸ். கேண்டீன்லதான்."

"அங்க சாப்பாடெல்லாம் எப்படியாம்? ஏதாவது சொல்லுவாங்களா?"

"தெர்ல மிஸ்." காகித ஓரத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "அம்மா இப்பல்லாம் வேலயப் பத்தி வூட்ல பேசறதில்ல. நான் வந்து உக்காந்தா டிவி போட்டுரும்."

நான் பேனாவை எடுத்தேன். 'ஆய்வு முறை சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "தேங்க்ஸ் மிஸ்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.