பாதி மூடிய லென்ஸ்

ஆர்.கே.புரம், டெல்லி
கார்த்திகை, 2002

அன்புள்ள அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க மலை மந்திர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம் என்று எழுதினால் நம்பமாட்டாய், ஆனாலும் வேளைக்குச் சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் ஸ்வெட்டரை வெயிலில் போட எடுத்துவிட்டு, இனி எதற்கு என்று மறுபடி பெட்டியிலேயே வைத்தேன். ஆவணியில் அவர் போனதிலிருந்து ஒரு வருஷம் இந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருக்கலாமாம், அடுத்த ஆவணிக்குள் காலி செய்ய வேண்டும். போன வாரம் போனில் நீ, அப்பா இல்லாத வீடு பாதி வீடும்மா, அங்க வந்து நான் எதைப் பாக்கறது என்று அழுதுகொண்டே வைத்துவிட்டாய். அவர் போனபோது, நிறைமாதத்தில் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னால் நீ என்ன செய்வாய், அதற்காக உன்னை யாரும் குறை சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்பில் லென்ஸ் பாடம். போர்டில் கதிர்ப்படம் போட்டேன், அச்சுக்கு இணையாக வரும் கதிர் குவியம் வழியாகப் போகும், நடுவில் வரும் கதிர் வளையாமல் நேரே போகும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பிம்பம். பிறகு ஜன்னலைச் சாத்தி மெழுகுவர்த்தி ஏற்றினேன். அப்பா ஷூ டப்பாவில் வெட்டிக் கொடுத்தாரே அந்த அரைவட்டக் கறுப்பு அட்டை, அதை எடுத்து லென்ஸின் மேல்பாதியை மூடினால் சுவரில் என்ன தெரியும் என்று கேட்டேன். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். வடிவு என்ற பெண் எழுந்து, ஆதா ஹோ ஜாயேகா மிஸ், பாதிதான் தெரியும் என்றாள், வகுப்பே ஆமாம் போட்டது. சின்ன வயதில் நீயும் அதையேதான் சொன்னாய், உனக்கு வக்காலத்து வாங்க அப்பா வேறு. கடைசி வரை அந்த மனுஷர் நம்பவே இல்லை. இந்தப் பாடம் நடத்தின அன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, என்ன ஜலஜா டீச்சர், இந்த வருஷமாவது பாதி காணாமப் போயிடுத்தா என்பார்.

பாதி போகவில்லை அகல்யா. சுடர் முழுசாகத் தலைகீழாகச் சுவரில் நின்றது, மங்கலாக. நாம் போர்டில் வரைவது இரண்டே கோடு, ஆனால் சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் லென்ஸ் முழுக்கக் கதிர் விழுகிறது, மூடாத பாதி வழியாக வருவதே முழுப் படத்தையும் காட்டப் போதும், வெளிச்சம்தான் குறையும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள். சாயங்காலம் நானே பூட்டைத் திறந்து உள்ளே வந்தேன். கேட்க ஆள் இல்லை. வெகு நேரம் அழுதேன்.

வீட்டைக் காலி செய்யும் முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அவர் நாற்காலி, ரேடியோ, பால்கனியில் வைத்த கறிவேப்பிலை எல்லாம் அப்படியே இருக்கிறது. மங்கல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். குழந்தைக்குக் குளிர் ஆகாது, பங்குனிக்கு மேல் டிக்கெட் போடு. தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு, நீயும் வேளை தவறாமல் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், குழந்தைக்கு என் முத்தம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, நீ வரும் அன்று கதவை நான் திறப்பேன், உள்ளே வரும் முன் பாதி காணாமப் போயிடுத்தா என்று நீ கேட்க வேண்டும். இல்லை என்று நான் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா ஜலஜா வெங்கடராமன்