அக்கா பாடிய டிராக்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே டைரக்டரிடமிருந்து குரல் செய்தி. மருத்துவமனைக் காட்சிக்கு நான் அனுப்பிய இசை "நல்லாருக்கு தலைவா, ஆனா கொஞ்சம் ஈரமா இருக்கணும்." ஈரம். போன வாரம் "நீலமா" இருக்க வேண்டும் என்றார். அதற்கு முந்தைய முறை, இசை ஓடுவதே யாருக்கும் தெரியக் கூடாது, ஆனால் வீட்டுக்குப் போகும்போது எல்லாரும் அதை முணுமுணுக்க வேண்டும் என்றார். நான் இசையமைப்பாளனா, மந்திரவாதியா?

இதற்கெல்லாம் காரணம் எடிட்டர். காட்சிகளைக் கோக்கும்போது வெறிச்சென்று இருக்கிறதே என்று ஏதோ வெளிநாட்டு செல்லோ இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைத்தார். டைரக்டர் அதை மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, இப்போது அதோடு குடும்பமே நடத்திக்கொண்டிருக்கிறார். "அதே மாதிரி வேணும் தலைவா. ஆனா அது மாதிரி இருக்கக் கூடாது." எழுதிவைத்துப் படித்துப் பார்க்கிறேன். இப்போதும் புரியவில்லை.

பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். விளம்பரம், குறும்படம் என்று எத்தனையோ வருடம் ஓட்டியாகிவிட்டது. முழுநீளப் படத்தில் என் பெயர் தனியாக வரப்போவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 6, வியாழன்

மேல் வீட்டில் குளியலறைக்குப் புது ஓடு பதிக்கிறார்கள். துளைபோடும் இயந்திரம் எஃப் ஷார்ப் சுருதியில் பாடுகிறது. என் பாட்டு ஜி-யில் இருக்கிறது. நான்தான் அரைச் சுரம் இறங்கிப் போக வேண்டும் போல.

மார்ச் 9, ஞாயிறு

படத்தில் ஒரே ஒரு பாட்டு. மகனை வழியனுப்பிவிட்டு வந்த அம்மா வெறும் வீட்டுக்குள் அறை அறையாக நடக்கும் இடம். மெட்டு தயார். யாராவது பாடிக் கொடுத்தால்தான் டைரக்டருக்குப் பிடிபடும். வழக்கமாக டிராக் பாடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். சரியான நேரம் பார்த்துக் கட்டியது.

அக்கா வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுடைய விவாகரத்து முடிந்தது. கையெழுத்துப் போட்ட கையோடு நேராகத் தன் கண்ணாடிக் கடைக்குப் போய், வழக்கம்போல் எல்லாருக்கும் கண் பரிசோதித்து, கடை சாத்தும்வரை இருந்திருக்கிறாள். இங்கே வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மனைவியோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நன்றாகப் பாடுவாள். நாலு பேர் முன்னால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். டிராக் குரல்தானே, அசல் பாடகி வந்து பாடியதும் போய்விடும் என்று கெஞ்சினேன்.

"யாரும் கேக்கப்போறதில்லையே?"

"டைரக்டர் மட்டுந்தான். அவர் கேட்டதும் அழிச்சிடுறேன்."

மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்தினேன். முதல் சரணம் சாதாரணமாகப் போனது. இரண்டாவது சரணத்தில், வாசல் விளக்கு யாருக்காக என்று வருகிற வரியில் குரல் பிசிறி, அப்படியே அறுந்தது. நான் நிறுத்தப்போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டி, ஒரு மூச்சு எடுத்து, விட்ட இடத்திலிருந்தே பாடி முடித்தாள். இன்னொரு தடவை பாடலாமே என்றேன். ஒரு தடவை என்றுதானே பேச்சு என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

டைரக்டர் போன் செய்தார். ஈரம் இல்லை, நீலம் இல்லை. "இதுதான்" என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அடுத்த கேள்வி: "யாரு பாடினது? இவங்களே பாடட்டும்."

சும்மா தெரிந்தவர், பாடகி இல்லை என்று சமாளித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பிடித்திருக்கிறது என்கிறார். அதுவும் நான் செய்யாத ஒன்றை.

மார்ச் 14, வெள்ளி

பெரிய ஸ்டுடியோ எடுத்துப் பெயர்பெற்ற பாடகியை வரவழைத்தோம். வந்தார், வரிகளைப் படித்தார், சுருதி ஒரு மயிரிழை விலகாமல் பாடினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் டைரக்டர் கசாயம் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். "எல்லாம் கரெக்டா இருக்கு. அதான் பிரச்சினை."

அந்த இடத்தில் குரல் உடைய வேண்டுமாம். பாடகி கோபப்படவில்லை. எந்த எழுத்தில் உடைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே உடைத்தார். தட்டைக் கை தவறிப் போடுவதற்கும் வேண்டுமென்றே போடுவதற்கும் சத்தத்தில் வித்தியாசம் உண்டு. எங்கள் மூவருக்குமே அது கேட்டது.

டிராக்கை ஒருமுறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது பாடகி என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தப் பொண்ணு பாடினதையே வச்சுக்கங்க. நானா இருந்தா அதைத் தொட மாட்டேன்."

இதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

அக்காவின் கடைக்குப் போனேன். ஒரு பெரியவருக்கு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசி வரியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் விஷயத்தைச் சொன்னேன். பாடகி சொன்னதையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

சட்டத்திலிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த எடத்துல என் குரல் ஏன் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கறே?"

பாட்டு அழகாக இருக்கிறதே என்று ஏதோ உளறினேன்.

"இருக்கலாம்டா. ஆனா அது என் வீட்டு விஷயம். ஊரு உக்காந்து ரசிக்கறதுக்கு இல்ல."

வழியெல்லாம் எரிச்சல். அவனவன் ஒரு வாய்ப்புக்காகச் செருப்புத் தேய அலைகிறான். இவளுக்கு அது கடை தேடி வருகிறது, வேண்டாம் என்கிறாள். பெயர்கூடப் போட வேண்டாமே, யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "அவங்களுக்குத் தெரியும்ல" என்றாள்.

மார்ச் 18, செவ்வாய்

டைரக்டரிடம் உண்மையைச் சொன்னேன். பாடியது என் அக்கா, அவளுக்கு விருப்பமில்லை, ஸ்டுடியோவில் பாடியதையே வைத்துக்கொள்வோம் என்று. பார்க்கலாம் தலைவா என்றார். அவர் 'பார்க்கலாம்' என்றால் என்ன பொருள் என்று எனக்கு இத்தனை நாளில் தெரிந்திருக்க வேண்டும்.

டிராக்கை அழித்தாயிற்றா என்று மனைவி கேட்டாள். என் கணினியிலும் இருக்கிறது, எடிட்டரிடமும் இருக்கிறது. அழிக்கிறேன் என்றேன். கை வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

முன்னோட்டம் வெளியாகிவிட்டது. எனக்குத் தகவலே இல்லை. யாரோ வாழ்த்துச் சொன்ன பிறகுதான் போட்டுப் பார்க்கிறேன். இருட்டு வீடு, அம்மா நடக்கிறாள், அக்காவின் குரல். அந்த வரி. சரியாக அந்த வரியை மட்டும் எடுத்து, உடைகிற இடத்தில் மற்ற சத்தத்தையெல்லாம் நிறுத்தி, படத்தின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

எடிட்டருக்குப் போன் போட்டேன். டைரக்டர் சொன்னார், போட்டேன் என்கிறார். டைரக்டர் போனை எடுக்கவில்லை.

முன்னோட்டத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதுவதைப் படித்தேன். யார் இந்தக் குரல், உயிரை உலுக்குகிறது, அழுதுவிட்டேன். படிக்கப் படிக்க ஒரு பக்கம் பெருமை. ச்சீ. எனக்கு என்ன பெருமை வேண்டிக் கிடக்கு? அவகிட்ட என்ன சொல்லிட்டுப் பாட வச்சேன்? அழிச்சிடுறேன்னு சொன்னேன்ல. சொன்னா அழிக்கணும். அவ்வளவுதானே. அதுல என்ன பெரிய கஷ்டம்?

அக்கா போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மார்ச் 26, புதன்

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள். கடையில் முறைக்குக் காத்திருந்த ஒரு பெண் போனில் இதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறாள். அக்கா உள்ளே வேறு ஒருவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியே அவள் குரல் உடைகிறது, திரும்ப உடைகிறது, திரும்பவும்.

"நான் அழுததை யாருக்கும் காட்டல. எங்கம்மாவுக்கே காட்டல. உன்கிட்ட காட்டினேன்" என்றாள். எங்கம்மா என்றாள். எனக்கும் அதே அம்மாதான் என்பதே அந்த நேரத்தில் அக்காவுக்கு நினைவில்லை போலிருக்கிறது. அல்லது இருந்ததோ என்னவோ.

நான் போடச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது என்றேன். நிஜந்தான். ஆனால் சொல்லும்போதே அது எவ்வளவு சோப்ளாங்கியான நிஜம் என்று எனக்கே கேட்டது.

மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை அவளிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 27, வியாழன்

தயாரிப்பாளர் அலுவலகம். டைரக்டரும் இருந்தார். குரலை எடுங்கள் என்றேன். இத்தனை பேர் கேட்கிற ஒன்றை எடுக்கச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று தயாரிப்பாளர் சிரித்தார். பெயரைப் பெரிதாகப் போடுகிறோம், பேட்டி ஏற்பாடு செய்கிறோம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் அக்காவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அக்காதானே தலைவா. பேசிச் சரிபண்ண மாட்டியா?" இது டைரக்டர்.

"பேசிட்டேன். வேண்டாம்னுட்டாங்க. அதுக்கு மேல பேசினா அதுக்குப் பேர் பேச்சு இல்ல சார்."

படத்தின் பின்னணி இசை முழுவதும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. குரல் படத்திலும் முன்னோட்டத்திலும் இல்லாமல் போனால் கொடுக்கிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

டைரக்டர் என்னைப் பார்த்து, "என் படத்துல உண்மையா இருந்தது அது ஒண்ணுதான்" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே வலித்துச் சொன்னார். அந்த மனிதர்மேல் முழுக் கோபமும் படவிடாமல் பண்ணிவிட்டார், அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம்.

மார்ச் 28, வெள்ளி

பதில் இல்லை. வேறு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்வி. மேல் வீட்டில் ஓடு சரியாக உட்காரவில்லை என்று பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2, புதன்

முன்னோட்டத்தை எடுத்துவிட்டார்கள். புதிதாக வந்ததில் அந்த இடத்தில் வெறும் பியானோ. வேறு ஆள் கிடைக்கவில்லையா, மனசு மாறியதா, யாரும் சொல்லவில்லை. இனி எது வேண்டுமானாலும் எடிட்டர் மூலம் பேசவும் என்று மட்டும் செய்தி வந்தது.

எடிட்டர் அறையில் பக்கத்திலேயே நின்று அங்கிருந்த டிராக்கை அழிக்கவைத்தேன். வீட்டுக்கு வந்து என்னிடமிருந்ததையும் அழித்தேன். ஆனால் ஜனங்கள் முதல் நாளே இறக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை என்ன செய்வது? அக்காவுக்குப் போன் செய்து இதையும் மறைக்காமல் சொன்னேன்.

"உன்கிட்ட இருக்கறத அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்."

சரி என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இந்த ஞாயிறும் அக்கா வரவில்லை. பின்னணி இசை முழுவதையும் ஒப்படைத்தாகிவிட்டது. மருத்துவமனைக் காட்சிக்கு நான் முதலில் அனுப்பியதையே திரும்ப அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் ஒப்புதல் வந்தது. அடப்பாவிகளா.

மே 16, வெள்ளி

படம் வந்துவிட்டது. நானும் மனைவியும் போனோம். அந்த இடத்தில் பாடகியின் குரல், அவர் முதலில் பாடியபடியே, எதுவும் உடையாமல். நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு முன்வரிசையில் ஒருவர் சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போனார்.

ஒரு விமர்சனத்தில், பழைய முன்னோட்டத்தில் வந்த குரலை ஏன் எடுத்தார்கள், படத்தின் உயிரே போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்கள். டைரக்டர் அதை எனக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. அவருடைய அடுத்த படத்துக்கு வேறு ஆள் என்று எடிட்டர் சொன்னார். அதைச் சொல்ல விமர்சனமெல்லாம் அனுப்பியிருக்க வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

புது வேலை, ஒரு தொடருக்கு. இந்த டைரக்டர் நிறம் சொல்வதில்லை, அந்தமட்டில் நிம்மதி. ஆனால் ஒவ்வொரு காட்சிக்கும் புல்லாங்குழல் கேட்கிறார். கொலைக்கும் புல்லாங்குழல். இன்றைக்குள் அனுப்பியே ஆக வேண்டும் என்று காலையிலிருந்து செய்திமேல் செய்தி.

மதியம் அழைப்பு மணி அடித்தது. அக்கா. முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கடையில் புதிதாக வந்திருக்கும் இயந்திரத்தைத் திட்டினாள். இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்குக் கீழே பட்டறை, தூங்கியே வாரக்கணக்காகிறது என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இங்கே சத்தமே கேக்காதுல்ல?"

மேல் வீட்டு வேலை முடிந்துவிட்டது, கேட்காது என்றேன். உள்ளே போய், ஒலிபெருக்கிகளுக்கு எதிரே இருக்கும் சோபாவில் படுத்து, மனைவியின் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கை அணைத்து, கதவை வெளியிலிருந்து சாத்தினேன்.

கணினி உள்ளே இருக்கிறது. புல்லாங்குழலும் உள்ளேதான். கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன் திரும்பத் திரும்ப மின்னுகிறது. சத்தத்தை நிறுத்திக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.