ஆயர் தாவாரிலிருந்து வந்த பாதி வரி

புந்தோங், ஈப்போ
29.12.1989

அத்தானுக்கு,

தேவானை எழுதுவது. பாப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் உடம்பும் நன்றாக இருக்கட்டும். மெல்போர்னில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மழை விட்டபாடில்லை. சமையலறையில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரத் தவுக்கேயிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

பாப்பாவுக்கு ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு. சீருடை கொஞ்சம் பெரிதாகவே எடுத்தேன், அடுத்த வருடமும் ஆகும். அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். மார்ச் மாதம் படிப்பை முடித்துக்கொண்டு வந்துவிடுவார், அம்மா வேலை செய்கிற கம்பெனியிலேயே பெரிய வேலையில் உட்காருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் கடிதமும் புது புரோகிராம் டேப்பும் ஒரே பொட்டலத்தில் வந்தன. டேப்பைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் கடிதம். சுங்காயில் என்னதான் நடந்தது, ஒன்றும் புரியவில்லை, எல்லாரும் சேர்ந்து ஏன் என் புரோகிராமைப் பழிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கடிதத்தை அழுதுகொண்டே எழுதினேன், குழம்பித்தான் இருக்கும். இப்போது அழுகை நின்றுவிட்டது. முதலிலிருந்து எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

சுங்காய்த் தோட்டத்தை நம் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவர்கள் ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நடப் போகிறார்கள். லயத்து வீடுகளில் குடியிருக்கிறவர்களுக்குப் பதிலாக ரோட்டோரம் வீட்டுமனை தருகிறோம் என்று கம்பெனி ஒத்துக்கொண்டது. அதுவும் தொழிற்சங்கத்துக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திய பிறகுதான். ஆயர் தாவார், தஞ்சோங் மாலிம் தோட்டங்களுக்கும் அதே ஏற்பாடு. டிசம்பர் எட்டாம் தேதி ஆபீஸ் மூடுவதற்குள் ஈப்போ கம்ப்யூட்டர் மெஷினில் குடும்பத்தின் பெயர் ஏறியிருக்க வேண்டும். ஏறாதவர்களுக்கு மனை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

மற்ற இரண்டு தோட்டத்திலும் முன்பே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். சுங்காயில்தான் பாதிப் பேர் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி வைத்திருப்பவர்களாயிற்றே. பதிவு ஆபீசில் முத்திரை வாங்கி வா, அந்தக் கடுதாசி கொண்டு வா, இந்தக் கடுதாசி கொண்டு வா என்று அலைய விட்டார்கள். எல்லாரும் வந்து சேரட்டும், ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி ஐயாவு அண்ணன் காத்திருந்து, கடைசி நாள் மத்தியானம் உட்கார்ந்து மொத்தப் பெயரையும் அடித்தார். அனுப்பியாயிற்று என்று அவர் திரையில் வந்தது. பார்த்தவர்கள் கைதட்டினார்களாம். என் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார்.

அன்று ஈப்போவில் மெஷின் அறையில் இருந்தது நான். ஓடிக்கொண்டிருந்தது உங்கள் புரோகிராம், நவம்பரில் அனுப்பினீர்களே, அது. கூடவே எழுதியிருந்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெர்ல் என்று புது மொழி வந்திருக்கிறது, அதில் எழுதியிருக்கிறேன், பழைய புரோகிராம் ஒரு தோட்டத்தின் பதிலுக்காக மற்ற தோட்டங்களை நிறுத்தி வைக்கும், இது அப்படியில்லை, ஒவ்வொரு தோட்டத்துக்கும் சாக்கெட் என்று தனித்தனி வாசல், யாரிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறது என்று பார்த்து அதை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடும், யாருக்காகவும் நிற்காது என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்னோடு வேலை செய்கிற லத்தீபாவிடம் படித்துக் காட்டினேன். திரை சும்மா இருந்தால் பயந்து கை வைக்காதே, யாரும் எதுவும் அனுப்பவில்லை என்று அர்த்தம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

திரை சும்மாதான் இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு ஒரு பெயர்கூட வரவில்லை. ஆயர் தாவார் பக்கம் இடியும் மின்னலும் என்று கேள்விப்பட்டேன். முத்திரை வாங்கப் போன சுங்காய் ஜனங்கள் இன்னும் திரும்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி கை வைக்கவில்லை. ஆபீஸ் மூடும் நேரத்தில் வந்து சேர்ந்த பெயர்கள் அச்சாகி வெளியே வந்தன. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். சுங்காயிலிருந்து ஒரு பெயர் இல்லை. நான் பிறந்த லயத்தில் ஒரு குடும்பம் இல்லை. மாயாண்டி என்ற என் அப்பா பெயர் எங்கேயும் இல்லை.

மேனேஜர் மெஷினை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னார். போட்டோம். அதோடு எல்லாம் போயிற்று.

மறுநாளே கம்பெனி சொல்லிவிட்டது, கிராணி நேரத்துக்கு அனுப்பவில்லை என்று. ஐயாவு அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அனுப்பினேன், என் கண்ணால் பார்த்தேன் என்று அந்த மனுஷன் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். யார் நம்புவார்கள்? காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தாமதித்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவருடைய மோட்டார் சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்கள். அவர் மனைவி முத்தம்மா பைப்படிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம். என் அப்பாவும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். இத்தனை வருஷம் ஒரே கோயில் கமிட்டியில் இருந்தவர்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஐயாவு அண்ணன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. உங்கள் புரோகிராமை அச்சடித்து எடுத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். நீங்கள் கற்றுக்கொடுத்ததுதான், மறுக்கவில்லை. யாரிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறது என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அது வரைக்கும் சரி. ஆயர் தாவாரிலிருந்து வந்திருக்கிறது என்று பதில் வந்தவுடன், ஆயர் தாவாரிடம் ஒரு முழு வரியைக் கேட்கிறீர்கள். முழு வரி வந்துவிட்டதா என்று நீங்கள் பார்க்கவே இல்லை. அன்று இடியில் ஒரு பெயரின் பாதி வந்து, மீதி வராமல் டெலிபோன் லைன் செத்துவிட்டது. வரி முடியட்டும், முடியட்டும் என்று உங்கள் புரோகிராம் அங்கேயே நின்றுவிட்டது.

மளிகைக் கடையில் ஒருத்தன் அரைக் கிலோ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறான். என்ன அரைக் கிலோ என்று கடைக்காரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் நிற்கிற ஜனம் கூப்பிடுவது அவன் காதில் விழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஐயாவு அண்ணன் திரையில் வந்ததும் பொய்யில்லை. அவர் அனுப்பிய பெயர்கள் ஈப்போ மெஷின் வரைக்கும் வந்துவிட்டன. வாசலில் குவிந்து கிடந்தன. எடுக்க வேண்டியவன் எடுக்கவில்லை. மெஷினை நிறுத்தியபோது குப்பையோடு குப்பையாகப் போய்விட்டன.

இது என் கற்பனை இல்லை. லத்தீபாவைப் பக்கத்து டெர்மினலில் உட்கார வைத்தேன். ஒரு பெயரைப் பாதி அடித்துவிட்டு நிறுத்தச் சொன்னேன். அடித்தாள். நான் என் டெர்மினலில் எத்தனையோ பெயர்களை அனுப்பிப் பார்த்தேன். ஒன்றும் உள்ளே போகவில்லை. அனுப்பியாயிற்று என்று மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் மீதியை அடித்து முடித்தாள், அத்தனையும் மடமடவென்று போயிற்று. உங்க வூட்டுக்காரரு அங்க உக்காந்துகிட்டு நம்ம மண்டையக் காய வைக்கிறாருலா என்று அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் மோசம். நீ ஆப்பரேட்டர், உன் கணவர் மெல்போர்னில் படிக்கிறவர், அவர் எழுதியதில் தப்பு என்று நீ சொல்கிறாயா என்று கேட்டார். தப்பு புரோகிராமில்தான் என்று உன் கணவரே கையெழுத்துப் போட்டு எழுதட்டும், பதிவைத் திரும்பத் திறக்கச் சொல்லி நான் மேலே கேட்கிறேன் என்றார். அதனால்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன்.

அதற்கு உங்கள் பதில் வந்தது. புரோகிராமில் ஒரு குறையும் இல்லையாம். மழையில் லைன் கெட்டதற்கு நீங்கள் பொறுப்பில்லையாம். கடைசி நாள் வரைக்கும் வைத்திருந்த கிராணியைக் கேட்க வேண்டுமாம். மார்ச்சில் வேலையில் சேரப் போகிற நேரத்தில் உங்கள் பெயரை நானே கெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், புது டேப் அனுப்பியிருக்கிறேன், பழையதை எடுத்துவிட்டு இதைப் போடு, சின்னச் சின்ன மாற்றம்தான், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சின்னச் சின்ன மாற்றமா, அத்தான்? நான் படிக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா? முழு வரி கேட்பதை எடுத்துவிட்டீர்கள். வந்த மட்டும் வாங்குகிறீர்கள். பாதி வந்தால் அதை அந்தந்தத் தோட்டத்தின் பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போகிறீர்கள், மீதி வரும்போது ஒட்டிக்கொள்கிறீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நிற்காமல் திரும்பி வரும்படி சாக்கெட்டையே மாற்றி வைத்திருக்கிறீர்கள். பதில் அனுப்பும்போது எதிர்ப்பக்கம் வாங்க முடியாமல் இருந்தால் அங்கேயும் நிற்பதில்லை. லத்தீபாவை உட்கார வைத்துத் திரும்பச் சோதித்தேன். அவள் பாதி பெயரோடு நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டாள். என்னுடையது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. அருமையாக ஓடுகிறது.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது. என் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்து, திருத்தி, பொட்டலம் கட்டி, அதே பொட்டலத்தில் எனக்கு ஒரு தப்பும் இல்லை என்று ஒரு கடிதத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். தப்பு யாருக்குத்தான் வராது? அதற்காக உங்களை நான் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டேன். ஐயாவு அண்ணன் தலையில் தூக்கிப் போட்டுவிட்டு உங்களால் எப்படிச் சாப்பிட முடிகிறது?

சோதித்ததோடு புது டேப்பை எடுத்துவிட்டேன், வேலைக்குப் போடவில்லை. பழையதுதான் ஓடுகிறது. போட்டுவிட்டால் பிறகு யாரிடம் எதைக் காட்டுவது?

நேற்று அப்பா சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்தார். யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள், தப்பு மாப்பிள்ளையுடைய புரோகிராமில் என்று. லத்தீபா வாய் சும்மா இருக்காது, அவளாகத்தான் இருக்கும். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஐயாவு அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றார். மழையில் நனைந்த சட்டையோடு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு கொடுத்தேன், துடைத்துக்கொள்ளவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

“மாப்பிள்ளை பேரு கெட்டுப்போச்சுன்னா அப்புறம் ஒனக்கு யாரும்மா இருக்கா? வீடு எங்கியாச்சும் கெடைக்கும். விட்டுரும்மா.”

வீடு எங்கே கிடைக்கும்? அறுபது வயசுக்கு மேல் ஆகிவிட்ட ஆள். பதினான்கு வயதில் பால்வாளியைத் தூக்கியவர். அந்த லயத்தைத் தவிர அவருக்கு ஒரு கூரை தெரியாது. உங்கள் பெயருக்காக அதை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல ஈரச் சட்டையோடு வந்தார். உங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் வேறு கொண்டுவந்திருக்கிறார், மார்ச் வரைக்கும் கெடாது என்றார். நான் உள்ளே போய் வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதேன். அழுகை நின்றுவிட்டது என்று மேலே எழுதினேன் அல்லவா, அது அவர் வருவதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொன்னதை நான் கேட்கப் போவதில்லை. பொங்கல் முடிந்த வாரத்தில் சங்கத்துக்காரர்களும் கம்பெனியும் சுங்காய் ஆபீசில் பேச உட்காருகிறார்கள். அதற்குப் பிறகு லயத்தை இடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சங்கத்துக்காரர் வந்து என்னிடம் கேட்டுவிட்டார், அம்மா நீங்க வந்து காட்டுவீங்களா என்று. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு டேப்பும் என் பையில் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால் படிக்காதவனுக்கும் புரியும். அதோடு உங்கள் மார்ச் வேலை போய்விடும், என் வேலையும் போய்விடும், அதுவும் எனக்குத் தெரியும்.

இதை மிரட்டலாக எழுதவில்லை. உங்களிடம் கெஞ்சித்தான் எழுதுகிறேன். கடிதம் வந்து சேர நாளாகும் என்றால் தந்தி அடியுங்கள். தப்பு என்னுடைய புரோகிராமில்தான், கிராணி ஐயாவு நேரத்துக்கு அனுப்பிவிட்டார் என்று அவ்வளவு இருந்தால் போதும். வேலை போனால் போகட்டும், நான் பாசாரில் கீரை விற்றாவது உங்களுக்குச் சோறு போடுவேன். அந்த ஆபீசில் எழுந்து நின்று உங்கள் பெயரை நான் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொன்னதாக இருக்கட்டும். இத்தனை வருஷம் உங்களோடு வாழ்ந்தவளை, உங்களைக் காட்டிக்கொடுத்தவளாக ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
மா. தேவானை