நாலு பேர் உட்கார்ந்தால் அணையும் விளக்கு

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா?

பட்டறைக்கு ஒரு வீட்டு வண்டி வந்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். "குடும்பமா உட்கார்ந்தா மட்டும் லைட்டு போயிடுது" என்றார் சொந்தக்காரர். இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு மட்டும் லைட்டு ஜம்மென்று எரிந்தது, வண்டியை உதைக்கலாம் போலிருந்தது. கடைசியில் என்னைப்போலவே குடும்பத்தை ஊரில் விட்டு வந்த பெயின்டர், வெல்டர், காவலாளி மூவரையும் கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்தேன். பட்டென்று அணைந்தது. பாரத்தில் தரைப்பலகை அமுங்கி, அடியிலிருந்த வயர் விலகியிருக்கிறது.

"கண்டுபிடிச்சாச்சு, எழுந்திருங்கப்பா" என்றேன். ஒருவரும் எழவில்லை. நானும் எழவில்லை.

மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். சின்னவள் இப்போது எத்தனை கிலோ? நீ தூக்காதே, மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து எழுது. நான் கடைசியாகத் தூக்கியபோது எட்டு.

உன்னவன்