டி டிரைவில் உங்கள் குரல்

இன்று காலை நம் கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உங்கள் மகள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "முதல் நடை. மாட்டைக் கண்டு அழுகை. அப்பாகூட சண்டை." நீங்கள் அவளை எடுத்த வீடியோக்களுக்கு நீங்களே வைத்த பெயர்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குட்டிப் பூட்டுப் படம். "நான் அப்பாகூட சண்ட போட்டத போடும்மா" என்றாள். பெயர் தெரியும், ஆனால் திறக்காது என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

பட்டா எடுக்க, வருமானச் சான்று வாங்க என்று திருவரங்குளமே வந்து போகும் கடை. வருகிறவர்கள் பென்டிரைவைச் செருகிவிட்டு அதையும் இதையும் நோண்டுவார்கள். பிள்ளை குளிக்கிற வீடியோ எவன் கைக்கும் போய்விடக் கூடாதென்று அதையெல்லாம் பூட்டி வைத்தீர்கள். பாஸ்வேர்டு தனியாகக் கேட்காத பூட்டு அது. உங்கள் பெயரில் கம்ப்யூட்டருக்குள் போனால் தானாகத் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. சாவி எங்கே இருக்கிறதென்று நீங்களும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் இடம் பத்தவில்லை என்று அங்கே இருந்ததையும் அழித்துவிட்டீர்கள்.

கம்ப்யூட்டரைத் தொட்ட நம்மூர் ஆட்களுக்கெல்லாம் ஒரே வேதவாக்குதான். விண்டோஸ் இருக்கிற சி டிரைவை அழிக்கலாம், நம் பொருளெல்லாம் இருக்கிற டி டிரைவைத் தொடாதே. "டி-ல போட்டு வச்சா இடியே விழுந்தாலும் ஒன்னும் ஆகாது" என்பீர்கள். ஆபரேஷனுக்குத் தஞ்சாவூர் கிளம்புவதற்கு முந்தின நாள், மூச்சு வாங்க உட்கார்ந்து, பழைய விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினீர்கள்.

"கொஞ்சம் படுங்களேன். அது ஓடுற வரைக்கும் ஓடிட்டுப் போகுது" என்று கத்தினேன்.

"நான் வார வரைக்கும் நீதான கடையப் பாக்கணும்? மெதுவா ஓடுச்சுன்னா ஆளுக அங்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவாங்க."

முடித்ததும், "பாத்தியா, டி அப்படியே இருக்கு" என்று சிரித்தீர்கள். பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றையும் நாம் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

கருமாதி எல்லாம் முடிந்தபின் பார்த்தால் ஒரு வீடியோவும் திறக்கவில்லை, கம்ப்யூட்டரைப் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர் கடைக்காரர் பார்த்துவிட்டு, "அக்கா, வீடியோ டி-ல பத்திரமாத்தான் இருக்கு. தெறக்குற சாவி பழைய விண்டோஸோட சி-ல இருந்துருக்கு. அது அழிஞ்சு போச்சு. அதே பேரு, அதே பாஸ்வேர்டு குடுத்தாலும் ஒங்க வீட்டுக்காரர வேற ஆளாத்தான் எடுத்துக்கும்" என்றார். மதுரையிலும் அதையேதான் சொன்னார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? திரும்பும்போது பஸ்ஸில் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். கெட்டிக்காரத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா மனுஷனுக்கு? எனக்காகச் செய்தீர்கள் என்பதால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. அழுகைதான் வந்தது.

உங்கள் முகம் சுவரில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, கல்யாண ஆல்பம் முழுக்க இருக்கிறது. குரல்தான் எங்கும் இல்லை. வீடியோவில் எப்போதும் நீங்கள் கேமராவுக்குப் பின்னால். "ஆத்தா, இங்கிட்டுப் பாரு" என்று பிள்ளையைக் கூப்பிடும் குரலாக மட்டும்தான் அவற்றில் இருந்தீர்கள். அது அழிந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அழியாமல், பத்திரமாக, என் கண் முன்னால் இருக்கிறது. இனி யாரும் கேட்கப்போவதில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது மகள் விடவில்லை. "அப்பா எப்புடிம்மா பேசுவாங்க? பேசிக் காட்டு."

குரலைத் தடிமனாக்கி, நீங்கள் இழுக்கிற மாதிரியே இழுத்து, பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள்.

"இது ஒன் கொரலும்மா" என்றாள்.

நீங்கள் பேசியதெல்லாம் ஒரு சொல் குறையாமல் என்னிடம் இருக்கிறது. கோபத்தில் சொன்னது, கொஞ்சலாகச் சொன்னது, கடைசியாக ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எல்லாம் இருக்கிறது. பிள்ளையிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மனசுக்குள் அவற்றைச் சொல்லிப் பார்க்கும்போது, கொஞ்ச நாளாக எனக்கும் அது என் குரலில்தான் கேட்கிறது.